பிடிஎஃப் பிளானைத் திருத்தக்கூடிய கேட் டிராயிங்காக மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

கட்டடப் பிளான் ஒன்று வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக வந்து விழும். கூடவே ஒரு வரி: “சார், இதை ஆட்டோகேட்ல மாத்திடுங்க, சின்ன சேஞ்ச்தான், சாயந்திரத்துக்குள்ள வேணும்.” அனுப்பியவர் நினைப்பில் அது ஒரு பட்டனைத் தட்டும் வேலை. பட்டனைத் தட்டினால் கோடுகள் வரும், அதில் பொய் இல்லை. ஆனால் வந்த சுவர் 230 மில்லிமீட்டரா, 226 மில்லிமீட்டரா என்று எந்தப் பட்டனும் சொல்லாது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி மாற்றுவதைப் பற்றியது, மீதி மாற்றியதை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பதைப் பற்றியது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பிளானை வைத்துக்கொள்வோம்: 30க்கு 40 அடி மனை, அதாவது அரை கிரவுண்டு, மனை முழுக்கக் கட்டிய ஒரு தரைத்தளம், ஏ3 தாளில் 1:100 ஸ்கேல். கணினியில் பிளான் வரையும் கேட் மென்பொருளான ஆட்டோகேடில் மில்லிமீட்டரில் வேலை செய்கிறோம். 30 அடி என்றால் 9144, 40 அடி என்றால் 12192. இந்த இரண்டு எண்ணும் கடைசிவரை வரும்.

மாற்றுவதற்கு முன்னால்

முதல் வேலை, மூல டிராயிங்கைக் கேட்பது. பிளான் போட்ட இன்ஜினியரிடமோ டிராஃப்ட்ஸ்மேனிடமோ டிடபிள்யூஜி, அதாவது ஆட்டோகேடின் மூல ஃபைல், இருக்கும். ஒரு போன் பேசினால் அரை நாள் வேலை மிச்சமாகலாம். உங்களிடம் பழைய வெர்ஷன்தான் இருக்கிறது, அவர் ஃபைல் திறக்காது என்றால், 2010 அல்லது 2013 வடிவத்தில் சேமித்து அனுப்பச் சொல்லுங்கள். பிடிஎஃப்பாக மட்டும் கொடுத்ததற்குக் காரணம் இருக்கவும் கூடும். தன் டிராயிங்கில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு, அது அவர்கள் உரிமை. மாற்றப்போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

கிடைக்கவில்லை என்றால், இருப்பதில் நல்ல பிடிஎஃப்பைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பிய பிடிஎஃப் அப்படியே வந்து சேரும். அதையே திரையில் திறந்து போட்டோ எடுத்து அனுப்பினால் சுருங்கி, மங்கி, பயனில்லாத படமாகிவிடும். இரண்டாவது ரகம் வந்தால் வேலையைத் தொடங்காமல் திருப்பிக் கேட்பதே மேல்.

வேர்ட் ஃபைலுக்குள் ஒட்டிய படமாக வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல்தான். பெயரின் கடைசியில் இருக்கும் எழுத்துகளை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே மீடியா என்ற ஃபோல்டரில் வேர்ட் சேமித்து வைத்திருக்கும் படமே கிடைக்கும். பெரும்பாலும் அது திரையில் தெரிவதைவிடப் பெரிதாக இருக்கும்.

எந்த வகை பிடிஎஃப்?

இதைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. பிடிஎஃப்பைத் திறந்து ஒரு சுவர்க்கோட்டின் மேல் நன்றாக ஜூம் செய்யுங்கள். அடோபி ரீடரில் 6400 சதவீதம் வரை போகலாம். கோடு கடைசிவரை கூர்மையாகவே நின்றால் அது வெக்டர், அதாவது கோடு கோடாகவே சேமித்தது, கேட் மென்பொருளிலிருந்து நேராக வந்தது. கட்டம் கட்டமாக உடைந்தால் அது ஸ்கேன் செய்த படம், மேலே பிடிஎஃப் உறை மட்டும் போட்டிருக்கிறது. எழுத்தை மவுஸால் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

கலப்படமும் உண்டு. பிளான் வெக்டராக இருக்கும், ஒப்புதல் முத்திரையும் கையெழுத்தும் படமாக இருக்கும். இது சிக்கல் இல்லை. தலைகீழ்க் கலப்படம்தான் ஏமாற்றும்: படம் முழுக்க ஸ்கேன், அதன்மேல் எழுத்தறியும் மென்பொருள் ஓட்டியதால் எழுத்து மட்டும் தேர்வாகும். எழுத்து தேர்வாகிறதே என்று வெக்டர் என முடிவு கட்டிவிடாதீர்கள், கோட்டைப் பாருங்கள்.

வெக்டர் என்றால் கோடுகளை அப்படியே இறக்கலாம். ஸ்கேன் என்றால் இறக்க எதுவும் இல்லை, மேலே வைத்து வரைய வேண்டும். வழி இரண்டாகப் பிரியும் இடம் இதுதான்.

பிடிஎஃப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

பிடிஎஃப் 1993ல் அடோபி கொண்டுவந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும் தாள் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 1982ல் ஆட்டோகேடோடு வந்த டிடபிள்யூஜியின் நோக்கம் வேறு, அது பொருளைச் சேமிக்கிறது. இந்த வேறுபாட்டிலிருந்துதான் எல்லாத் தொல்லையும் வருகிறது.

பிடிஎஃப்புக்கு நேர்கோடு தெரியும், பெசியே வளைகோடு தெரியும், எழுத்து தெரியும், படம் தெரியும். வட்டம் என்று ஒன்று அதற்குத் தெரியாது. கதவு திறக்கும் வில்லோ, கிணற்று வட்டமோ, எல்லாமே வளைகோட்டுத் துண்டுகள். டைமென்ஷன், அதாவது அளவுக்குறி, என்பது அங்கே இரண்டு கோடு, இரண்டு அம்பு, நடுவில் ஓர் எண், ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லை. பிளாக், அதாவது ஒரே பொருளாகச் சேர்த்துக் கட்டிய கோடுகள், உடைந்து போயிருக்கும். செங்கல்லைக் காட்ட நிரப்பிய ஹாட்ச் ஆயிரக்கணக்கான குட்டிக் கோடுகளாகியிருக்கும். சென்டர் லைன் துண்டு துண்டாக நிற்கும். கோடுகளை வகைவாரியாக அடுக்கும் லேயர் மட்டும், பிளாட் செய்தவர் (டிராயிங்கைத் தாளாகவோ பிடிஎஃப்பாகவோ அச்சிட்டவர்) விட்டிருந்தால், மிச்சம் இருக்கலாம்.

துல்லியம்தான் இதில் பெரிய விஷயம். பிளாட் செய்யும்போது கோட்டின் முனை பிளாட்டரின் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கட்டத்தில் அருகே இருக்கும் புள்ளிக்கு நகர்ந்து உட்கார்கிறது. 600 டிபிஐ என்றால் ஒரு கட்டம் தாளில் 0.042 மில்லிமீட்டர். 1:100 பிளானில் அது நிஜத்தில் 4.2 மில்லிமீட்டர். ஆக, திரையில் எவ்வளவு கூர்மையாகத் தெரிந்தாலும் 230 சுவர் 226 ஆகவோ 233 ஆகவோ வந்து நிற்கும். கோடு சற்றே சாய்ந்து 90 பாகைக்குப் பதில் 89.98 என்று காட்டும். மென்பொருளை மாற்றினாலும், காசு கொடுத்து வேறு கன்வர்ட்டர் வாங்கினாலும் இது போகாது, தகவல் பிளாட் ஆனபோதே தொலைந்துவிட்டது. டிராயிங்கின் மூலையில் “எழுதிய அளவையே பின்பற்றவும், ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது” என்று ஒரு குறிப்பு இருக்குமே, அது இந்த வேலைக்கும் அப்படியே பொருந்தும். கோடு ஒன்று சொல்லி, எழுதிய எண் வேறொன்று சொன்னால், எண்ணின் பக்கம் நில்லுங்கள்.

வெக்டர் பிடிஎஃப்பை ஆட்டோகேடில் இறக்குவது

ஆட்டோகேட் 2017லிருந்து பிடிஎஃப் இம்போர்ட் உள்ளேயே இருக்கிறது, அதன் சுருக்கப் பதிப்பான எல்டியிலும் உண்டு. பிரிக்ஸ்கேட் என்ற வேறு கேட் மென்பொருளிலும் இதே பெயரில் கட்டளை இருக்கிறது. வெளிக் கன்வர்ட்டர் தேவையில்லை.

புது டிராயிங் திறந்து யூனிட்ஸில் மில்லிமீட்டர் வையுங்கள். இன்செர்ட் டேபில் பிடிஎஃப் இம்போர்ட்டை அழுத்தி, ஃபைல் என்ற வழியைத் தேர்ந்து, பக்கத்தைத் தேர்வு செய்யுங்கள். பல பக்கப் பிடிஎஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம். அடுத்து வரும் பெட்டியில் இருப்பதையெல்லாம் அப்படியே விட்டு ஓகே கொடுப்பதுதான் பலர் வழக்கம். அங்கே ஒரு நிமிடம் நின்றால் பிறகு ஒரு மணி நேரம் மிச்சம்.

வெக்டர் ஜியோமெட்ரியும் ட்ரூடைப் டெக்ஸ்ட்டும் டிக் ஆகியிருக்கட்டும். ராஸ்டர் இமேஜை எடுத்துவிடுங்கள், முத்திரைப் படம் நமக்கு எதற்கு? சாலிட் ஃபில்லைப் பொறுத்தவரை, தூண்களைக் கறுப்பாக நிரப்பிய பிளான் என்றால் வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம்.

லேயரில் முதலில் பிடிஎஃப்பின் லேயர்களையே பயன்படுத்தச் சொல்லிப் பாருங்கள். மூல லேயர் இருந்தால் பெயருக்கு முன்னால் பிடிஎஃப் என்ற ஒட்டுடன் வரும், உங்கள் வேலையில் பாதி முடிந்தது. இல்லை என்றால் ஆப்ஜெக்ட் லேயர் என்ற வழி, அது கோடு, எழுத்து, நிரப்பல் என்று வகை பிரித்துப் போடும்.

கீழே இருக்கும் வசதிகளில் நான் எப்போதும் வைப்பவை மூன்று. கோட்டுத் துண்டுகளையும் வில்லையும் இணைப்பது, கோட்டின் தடிமனைத் தக்கவைப்பது, துண்டுக் கோடுகளிலிருந்து லைன்டைப்பை, அதாவது கோட்டின் வகையை, ஊகிப்பது. தடிமனை விடாதீர்கள். பிளாட் கறுப்பு வெள்ளையில் இருந்தால் நிறம் போயிருக்கும், சுவரையும் சோபாவையும் பிரித்தறிய மிச்சமிருக்கும் ஒரே அடையாளம் தடிமன்தான். பிளாக்காக இறக்கும் வசதியை டிக் செய்தால் எல்லாம் ஒரே கட்டியாக வந்து, பிறகு எக்ஸ்ப்ளோட் செய்ய வேண்டியிருக்கும், அது வேண்டாம்.

ஸ்கேலை 1 என்றே விட்டு, பூஜ்யப் புள்ளியில் வையுங்கள். அளவு இப்போது தாளின் அளவில் இருக்கும், அடுத்து அதைத்தான் சரிசெய்யப் போகிறோம்.

இன்னொரு வேலை: அதே பிடிஎஃப்பை அட்டாச் செய்து, மங்கலாக்கி, தனி லேயரில் பூட்டி வையுங்கள். இறக்கியதில் ஏதாவது விடுபட்டதா என்று ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை. ஸ்கேல் செய்யும்போது அந்த லேயரையும் திறந்து சேர்த்தே செய்ய வேண்டும், மறந்தால் இரண்டும் இரண்டு அளவில் நிற்கும்.

ஸ்கேல்: எங்கே பிடிக்க வேண்டும்

தாளில் 1:100 என்று எழுதியிருக்கிறதே, 100ஆல் பெருக்கினால் ஆயிற்று என்று தோன்றும். அது உண்மையாகவே 1:100ல் பிளாட் ஆகியிருந்தால்தான் சரி. பாதிப் பேர் “ஃபிட் டு பேப்பர்” வைத்து பிளாட் செய்கிறார்கள். ஏ3 டிராயிங்கை ஏ4ல் அடித்திருந்தால் கோடுகள் ஏறக்குறைய 0.707 மடங்கு சுருங்கியிருக்கும், தலைப்புப் பெட்டியில் மட்டும் 1:100 அப்படியே நிற்கும்.

ஆகவே ரெஃபரன்ஸ் முறைதான். ஸ்கேல் கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்து, மனையின் ஒரு மூலையை அடிப்படைப் புள்ளியாக்கி, ரெஃபரன்ஸுக்கு ஆர் தட்டி, தெரிந்த அளவின் இரு முனைகளைத் தொட்டு, நிஜ அளவைத் தட்டச்சு செய்யுங்கள்.

எந்த அளவைப் பிடிப்பது என்பதில்தான் சூட்சுமம். கதவு 900 என்று எழுதியிருக்கிறது, கைக்கு அருகில் இருக்கிறது, அதைப் பிடித்தால் என்ன? அந்த முனைகளில் மேலே சொன்ன 4.2 மில்லிமீட்டர் பிசகு இருந்தால் அது 900ல் ஏறக்குறைய அரை சதவீதம். 12192 நீளத்துக்குப் போகும்போது அது 57 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். அதே பிசகு 12192ஐப் பிடிக்கும்போது இருந்தால் கதவில் வரும் தவறு மூன்றில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே டிராயிங்கில் இருப்பதிலேயே நீளமான எழுதிய அளவு எதுவோ அதைப் பிடியுங்கள். அம்பு முனையைத் தொடாமல் அளவு குறிக்கும் சுவரின் வெளி விளிம்பையே தொடுங்கள்.

இப்போது குறுக்கே அளந்து பாருங்கள். 9144க்குப் பதில் 9140, 9148 என்று வந்தால் சரி, பிளாட் பிசகுதான். 9190 என்று வந்தால் ஏதோ இடிக்கிறது. தாள் ஒரு பக்கம் இழுபட்டிருக்கலாம். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: கடைசி நேரத்தில் அளவை மாற்றச் சொன்னதும், போட்டவர் கோட்டை நகர்த்தாமல் டைமென்ஷன் எழுத்தை மட்டும் கையால் திருத்தியிருப்பார். இந்தப் பழக்கம் இல்லாத ஆபீஸ் அபூர்வம். மூன்றாவதாக ஓர் அளவை, உள்ளறை ஏதாவது ஒன்றை, அளந்தால் எது பொய் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, 9 அங்குலச் சுவர் 228.6 தான். அடிக்கணக்கில் வரைந்த பிளானில் சுவர் 228 அல்லது 229 என்று காட்டினால் அதைப் பிழை என்று திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். 230 என்பது மில்லிமீட்டரில் வரைபவர்கள் வைத்துக்கொண்ட எண்.

சுத்தம் செய்வதா, மேலே வரைவதா

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பிளான் அளவில் இருக்கும் டிராயிங்குக்கு, இறக்கிய சுவர்க்கோடுகளைத் திருத்துவதைவிட அவற்றை அடியில் வைத்து மேலே புதிதாகச் சுவர் போடுவது வேகமானது. கோட்டை நேராகவும் செங்குத்தாகவும் மட்டும் போக விடும் ஆர்த்தோவை ஆன் செய்து, எழுதிய அளவைத் தட்டி வரைந்து, ஆஃப்செட் (இணைகோடு போடும் கட்டளை) 230 கொடுத்தால் சுவர் சுத்தமாக, நேராக, சரியான அளவில் நிற்கும். இறக்கிய கோட்டில் உள்ள 89.98 பாகையை ஒவ்வொன்றாகத் தேடி நிமிர்த்துவதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? நில அளவையின் கான்டூர், பெரிய லேஅவுட், எந்திரப் பாகத்தின் வளைவு என்றால் கதை வேறு. அங்கே இறக்கிய கோடுதான் செல்வம், சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

சுத்தம் செய்யும் வரிசை இது. தன்மை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கியூசெலக்டில் தடிமன் வாரியாகத் தேர்ந்து சுவர், கதவு, ஜன்னல், தளவாடம் என்று லேயர் பிரியுங்கள். ஹாட்ச் கோடு ஒன்றைப் பிடித்து செலக்ட் சிமிலர் கொடுத்தால் அந்தக் கூட்டமே மாட்டும், அழித்துவிட்டு மறுபடி ஹாட்ச் போடுங்கள். அப்புறம் ஓவர்கில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகள் போகும். அதில் டாலரன்ஸைச் சிறிதாக வையுங்கள். பெரிதாக வைத்தால் நெருங்கிய ஜன்னல் கோடுகளில் ஒன்றை விழுங்கிவிடும். பிறகு துண்டுகளைச் சேர்க்கும் ஜாயின், கடைசியில் பயனில்லாததை நீக்கும் பர்ஜும் பிழை பார்க்கும் ஆடிட்டும்.

கதவுகளைத் திருத்தவே வேண்டாம். 900 கதவுக்கு ஒரு பிளாக், 750 கதவுக்கு ஒரு பிளாக் செய்து இடத்தில் வைத்து, பழைய வில்லையும் பலகையையும் நீக்குங்கள். சோபா, கட்டில், வாஷ்பேசினுக்கும் இதேதான்.

உடைந்த டைமென்ஷன்களை அழிக்கும் முன் தனி லேயரில் ஒதுக்கி வைத்து, மேலே நிஜ டைமென்ஷன் போடுங்கள். நீங்கள் போட்டது காட்டும் எண்ணும் பழைய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒத்துப்போகும் இடத்தில் பழையதை அழியுங்கள். ஒத்துப்போகாத இடத்தில் கோட்டைத் திருத்துங்கள். இந்தச் சுற்று முடிந்தால் டிராயிங்கின் சரிபார்ப்பும் கூடவே முடிந்திருக்கும்.

எழுத்து, அதிலும் தமிழ் எழுத்து

ட்ரூடைப் எழுத்து எழுத்தாகவே வரும், ஆனால் வரி வரியாகச் சிதறி. இன்செர்ட் டேபில் இருக்கும் கம்பைன் டெக்ஸ்ட் அவற்றை ஒரே பத்தியாகச் சேர்க்கும். ஆட்டோகேடின் சொந்த வகையான எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துருவில் எழுதியது எழுத்தாக வராது, வெறும் கோடுகளாக வரும், ஏனென்றால் அந்த எழுத்துருவே கோட்டால் ஆனது. 2018லிருந்து வரும் பதிப்புகளில் அதற்கு ரெகக்னைஸ் எஸ்ஹெச்எக்ஸ் டெக்ஸ்ட் இருக்கிறது. முதலில் ரெகக்னிஷன் செட்டிங்ஸில் எந்த எழுத்துருக்களோடு ஒப்பிட வேண்டும் என்று தேர்ந்துவிட்டு, கோடாய்க் கிடக்கும் எழுத்துகளைச் சுற்றி வளைத்துத் தேர்ந்தால் மாற்றித்தரும். 0 எழுத்து ஓ ஆவதும் 1 எழுத்து ஐ ஆவதும் சகஜம், எண்களை ஒரு தடவை கண்ணால் ஓட்டுங்கள்.

தமிழில் எழுதிய பிளான் என்றால் வேறு வேடிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்தவை. பாமினியில் ‘மனை’ என்பது கே, ஐ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் மனைக்கு நடுவே ‘கிட்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கிடக்கும். பயப்பட வேண்டாம், அந்த ஆங்கில எழுத்துகளைப் பிரதி எடுத்து, பாமினியை யூனிகோடாக மாற்றும் ஏதாவது ஒரு கருவியில் ஒட்டினால் தமிழ் திரும்ப வரும். யூனிகோடில் எழுதிய பிடிஎஃப்பும் முழுக்கச் சமர்த்து இல்லை. கொம்பும் காலும் இடம் மாறி, ‘தொட்டி’ என்பது கொம்பு ஒரு பக்கம், காலொரு பக்கமாகச் சிதறி வரும். நாலைந்து சொல்தான் என்றால் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாகத் தட்டுவதே மேல். லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் ஒரு டெக்ஸ்ட் ஸ்டைல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் படம் என்றால்

தாள் கையில் இருந்தால் நீங்களே ஸ்கேன் செய்யுங்கள். 300 டிபிஐ போதும், கிரேஸ்கேலில், மடிப்பு நீவி, தட்டையாக. போன் கேமரா கடைசி வழி. ஸ்கேன் செயலிகள் தாளின் ஓரத்தை நேராக்கிக் காட்டும், ஆனால் நீளமும் அகலமும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

300 டிபிஐயில் ஒரு பிக்சல் 1:100 பிளானில் 8.5 மில்லிமீட்டர். 0.25 பேனாவில் போட்ட கோடு மூன்று பிக்சல் தடிமன், அதாவது நிஜத்தில் 25 மில்லிமீட்டர். கோட்டின் எந்த ஓரத்தைத் தொடுகிறீர்கள் என்பதிலேயே ஓர் அங்குலம் போய்விடும். இங்கே எழுதிய எண்ணைத் தவிர எதையும் நம்பக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

இமேஜ் அட்டாச் கொடுத்துப் படத்தை வைத்து, முன்பு சொன்ன ரெஃபரன்ஸ் முறையில் ஸ்கேல் செய்து, பாதிக்குப் பாதி மங்கலாக்கி, டிரா ஆர்டரில் பின்னுக்குத் தள்ளி, லேயரைப் பூட்டுங்கள். பழைய தாள் ஈரத்திலும் ஜெராக்ஸிலும் நீளவாட்டில் ஒரு விதமாகவும் குறுக்கே ஒரு விதமாகவும் இழுபட்டிருக்கும். இரண்டு திசையிலும் அளந்து வித்தியாசம் அதிகமாக இருந்தால், படத்தை ஒரு பிளாக்காக்கி, எக்ஸுக்கு ஒரு ஸ்கேலும் ஒய்க்கு ஒரு ஸ்கேலும் கொடுத்து வையுங்கள். பிறகு எண்களைப் படித்து மேலே வரையுங்கள். படம் இடத்தைக் காட்ட, எண் அளவைச் சொல்ல.

தானாக டிரேஸ் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். பெரும்பாலானவை கோட்டின் நடுவை விட்டு இரு விளிம்பையும் வரைகின்றன. ஒரு சுவர்க்கோடு இரண்டாகும், ‘ஹால்’ என்ற எழுத்து வளைகோட்டுக் குப்பையாகும். லோகோ, பூவேலை, ஜாலி டிசைன் போன்றவற்றுக்கு இது அருமையான வழி. வீட்டுப் பிளானுக்கு, சுத்தம் செய்யும் நேரத்தில் இரண்டு தடவை புதிதாக வரைந்துவிடலாம்.

புலப்படத்துக்கு மட்டும் தனி முறை

தமிழ்நாட்டில் நிலம் சம்பந்தப்பட்ட வேலை செய்பவர்களுக்கு அடிக்கடி வருவது எஃப்எம்பி, அதாவது புலப்படம். அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பிடிஎஃப்பாக இறங்கும். மனைப்பிரிவு போடவும், வங்கிக்கும், பிளான் அப்ரூவலுக்கும் இதை கேடில் கேட்பார்கள்.

இதை டிரேஸ் செய்வது வீண் வேலை. 1:1000 ஸ்கேலில் தாளில் அரை மில்லிமீட்டர் பிசகினால் நிலத்தில் அரை மீட்டர். படத்தில் எழுதியிருக்கும் நீளங்களை வைத்துத் தொடக்கத்திலிருந்து கட்டுங்கள். புலத்தை முக்கோணங்களாகப் பிரித்துத்தான் அளந்திருப்பார்கள். முதலில் நீளமான மூலைக்கோட்டை அதன் எழுதிய அளவில் போடுங்கள். அதன் ஒரு முனையை மையமாக வைத்து அடுத்த பக்கத்தின் நீளத்தை ஆரமாக்கி ஒரு வட்டம், மறு முனையில் மூன்றாவது பக்கத்துக்கு ஒரு வட்டம். இரண்டும் வெட்டும் இடம் மூன்றாவது மூலை. வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும், எந்தப் பக்கம் என்பதைப் படம் சொல்லும். இப்படியே அடுத்தடுத்த முக்கோணம். வளைந்த எல்லைக்கு, கோட்டின் மீது தூரத்தைக் குறித்து, அங்கிருந்து செங்குத்தாக ஆஃப்செட் அளவைப் போட்டுப் புள்ளிகளை இணையுங்கள். மிகப் பழைய படத்தில் அளவு லிங்க்கில் இருக்கலாம். ஒரு லிங்க் 0.2012 மீட்டர், நூறு லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி.

எல்லையை ஒரே பாலிலைனாக, அதாவது தொடர்கோடாக, மூடி ஏரியா எடுத்து, பட்டாவோடு ஒப்பிடுங்கள். பட்டாவில் 0.12.50 என்று இருந்தால் 12.5 ஏர்ஸ், அதாவது 1250 சதுர மீட்டர், ஏறக்குறைய 30.9 சென்ட். உங்கள் பாலிலைன் அதன் பக்கத்தில் நின்றால் கட்டியது சரி. ரொம்ப விலகினால் எங்கோ ஓர் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், பெரும்பாலும் 3ஐ 8 என்றோ, 1ஐ 7 என்றோ. எல்லாம் சரியாக வந்தாலும் அது பதிவேட்டில் உள்ளபடி எல்லை. தரையில் கல் எங்கே நிற்கிறது என்பதை சர்வேயர் அளந்துதான் சொல்ல வேண்டும்.

காசில்லா வழி

ஆட்டோகேட் இல்லாவிட்டால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் போதும். பிடிஎஃப்பைத் திறந்து பக்கத்தைத் தேர்ந்து, எல்லாவற்றையும் தேர்வு செய்து, அன்குரூப்பை மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கொடுங்கள். எழுத்து வேண்டுமென்றால் அதை பாத் ஆக மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஏற்றுமதியில் காணாமல் போய்விடும். பிறகு பல கேட் மென்பொருள்களும் படிக்கும் டிஎக்ஸ்எஃப் வடிவத்தில், ஆர்14 ஆகச் சேமித்து, அடிப்படை அலகாக மில்லிமீட்டரைத் தேர்வு செய்யுங்கள். லிப்ரேகேட் என்ற இலவச கேட் மென்பொருளில் அதைத் திறந்து திருத்தலாம். டிடபிள்யூஜி கேட்டால் ஓப்பன் டிசைன் அலையன்ஸ் இலவசமாகத் தரும் ஓடிஏ ஃபைல் கன்வர்ட்டர் மாற்றித்தரும். ஸ்கேல் வேலை இங்கேயும் அதேதான். சிஎன்சி, லேசர் கட்டிங் கடைக்காரர்கள் பெரும்பாலும் டிஎக்ஸ்எஃப் கேட்பதால் வாசல் கேட்டுக்கும் ஜாலிக்கும் இந்த வழியே நேர்வழி.

இணையத்தில் ஏற்றி மாற்றித்தரும் தளங்களை அவசரத்துக்கு, ரகசியம் இல்லாத படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் வீட்டுப் பிளானை முகம் தெரியாத சர்வரில் ஏற்றுவதற்கு அவர் சம்மதம் வேண்டாமா? தவிர, அந்தத் தளம் கொடுத்ததையும் மேலே சொன்னபடி ஸ்கேல் பார்த்து, லேயர் பிரித்து, அளவு சரிபார்த்துத்தான் ஆக வேண்டும்.

கொடுக்கும் முன்

மங்கலாக வைத்த பிடிஎஃப்பைத் திறந்து, ஒவ்வொரு அறையாக மேலே வைத்துப் பாருங்கள். விடுபடுவது பெரும்பாலும் வென்டிலேட்டர், படிக்கட்டின் வெட்டுக்கோடு, கழிவுத்தொட்டி. பழைய இன்ஜினியரின் தலைப்புப் பெட்டி, பதிவு எண், முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் நீக்குங்கள். நீங்கள் மாற்றிய டிராயிங்கில் அவர் கையெழுத்து நிற்பது அவருக்கும் உங்களுக்கும் வம்பு. எழுதிய அளவும் கோடும் முரண்பட்டு, நீங்கள் ஒன்றைத் தேர்ந்த இடங்களை மேகக்கோடு போட்டுக் காட்டி, பில்டரிடமோ இன்ஜினியரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிடிஎஃப் இணைப்பையும் ஸ்கேன் படத்தையும் டிராயிங்கிலிருந்து டிடாச் செய்துவிட்டு, பர்ஜ் கொடுத்து, வாங்குபவர் திறக்கும் பதிப்பில் சேமியுங்கள். படம் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்றால் இ-டிரான்ஸ்மிட் செய்து ஒரே ஜிப்பாக அனுப்புங்கள். டிடபிள்யூஜியை மட்டும் அனுப்பினால், படம் இருந்த இடத்தில் உங்கள் கணினியின் ஃபோல்டர் பெயர் எழுதிய ஒரு காலிச் சட்டம்தான் அவர்களுக்குத் தெரியும்.